வாப்பா டொக்டருக்கு நீட்டிய துண்டு

வாப்பாவைக் கொழும்பில் இதய வார்டில் சேர்த்தபோது கூட இருந்தவர்கள் மூன்று பேர்: உம்மா, நான், இருபது வருடமாக வாப்பாவோடு ஒரே உப்பளத்தில் வேலை செய்யும் சுனில். இல்லாதவர் என் காக்கா, மூத்த அண்ணன். அவர் கட்டாரில் ஒரு கட்டட வேலையில் இருந்தார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் கிடந்தது. "வாப்பா கதைக்கிறாரா? கதைக்கிறாரா?" என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டார். வாப்பா நன்றாகத்தான் கதைத்தார். கால்கள்தான் அவர் சொல் கேட்கவில்லை.

அன்று காலை புத்தளத்தில் பாத்தியிலிருந்து உப்பு வாரிக்கொண்டிருந்தவர், சற்று இளைப்பாற வரம்பில் உட்கார்ந்தார். பிறகு எழும்ப முடியவில்லை. வெயில் அடித்துவிட்டது என்று நினைத்து மற்றவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். தொடைகள் துணி மாதிரி மடிந்து விழுவதைப் பார்த்த சுனில்தான் அவரை முதுகில் சுமந்து வீதிக்குக் கொண்டுவந்து த்ரீவீலரில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் தாதி பிரஷரை மூன்று தரம் பார்த்தார். மூன்றாவது தரமும் இருநூற்று முப்பது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. பொட்டாசியம் என்பது இரத்தத்தில் இருக்கும் ஓர் உப்பு. தசை சுருங்கவும் இதயம் தாளம் தவறாமல் அடிக்கவும் அது வேண்டும். அது வடிந்து போனால் முதலில் கால்கள் தளரும், பிறகு இதயம் தடுமாறும். அதனால்தான் உடனே அம்புலன்ஸில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

இதற்கு முந்திய கதையையும் சொல்ல வேண்டும். புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த வாப்பா, புத்தளத்தில் கிடைத்த முதல் வேலையாக உப்பளத்துக்குள் இறங்கியவர், பிறகு ஏறவே இல்லை. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பல்கலைக்கழகம் போய், இப்போது நுரைச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில் வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். ஆகவே ஐந்து வருடத்துக்கு முன் வாப்பாவுக்கு பிரஷர் என்று கிளினிக் அட்டை போட்டபோது, அந்த அட்டை என் பொறுப்புக்கு வந்தது. வாசித்தேன், குறிப்பெடுத்தேன், வீட்டில் சட்டம் போட்டேன். கறிக்கு உப்பு இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. பீடியும் வெற்றிலையும் அறவே இல்லை.

"நாள் முழுக்க உப்புக்குள்ள நிக்கிறன். வீட்ட வந்தா நாக்குல தொட்டுக்கவும் உப்பில்ல" என்பார் வாப்பா.

"மகன் சொல்லிட்டான். நான் என்ன செய்ய?" என்பார் உம்மா.

"அவன் படிச்ச படிப்புக்கு எனக்கெல்லோ தண்டனை!"

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கேட்டார். முப்பது வருடப் பீடியை என் சொல்லுக்காக விட்டார்.

அதை விடுவதற்கு அவருக்கு உதவியது அதிமதுரம். உப்பளத்தில் அதை எல்லோரும் சிங்களத்தில் வெல்மி என்பார்கள். உப்புக் காற்றில் வாய் காய்ந்துவிடும். தண்ணீர்க் கலன் வரம்பின் அடுத்த முனையில் இருக்கும். ஒவ்வொரு தாகத்துக்கும் நடந்தால் கங்காணி ஏசுவார். அதனால் அந்த வேரில் ஒரு சிறு துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொள்வது அங்கே பழக்கம். இனிப்பு ஊறும், வாய் ஈரமாக இருக்கும். பீடியை விட்ட வாப்பாவுக்கு அதையே கூடுதலாகக் கொடுக்கலாம் என்று யோசித்தது நான். புத்தளம் சந்தையில் மருந்துச் சரக்குக் கடையில் நல்ல தடித்த வேராகப் பார்த்து வாரம் ஒரு பைக்கற் வாங்கினேன். சீனித் தேத்தண்ணிக்குப் பதிலாக அதையே அவித்து பிளாஸ்கில் ஊற்றி வைக்கும்படி உம்மாவிடம் சொன்னேன். பீடியும் போய்விட்டது, சீனியும் போய்விட்டது. என் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை. கிளினிக்கில் கொடுத்த ஒரு குளிசை இரண்டாகி, இரண்டு நாலாகியது.

கொழும்பில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டொக்டர். யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசினார். ஹோர்மோன், உயர் இரத்த அழுத்தம், இதய நோய் மூன்றையும் சேர்த்து ஆராய்ந்து எழுதுகிறவர் என்று வார்டில் சொன்னார்கள். முதல் நாளே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உம்மாவிடம் விசாரித்தார்.

"அம்மா, இந்த நாலு குளிசையை விட வேறை ஏதும் எடுக்கிறவரோ? நாட்டு மருந்து, கசாயம், சூரணம்?"

"ஒண்டும் இல்ல டொக்டர். இங்கிலிஸ் மருந்து மட்டுந்தான். இவன் வேற ஒண்டும் கிட்ட எடுக்க விடமாட்டான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உம்மாவின் மடியில் பிளாஸ்க் இருந்தது. அது எங்களுக்கு மருந்து இல்லை, தேத்தண்ணி.

"பிரஷர் நாலு குளிசைக்கும் இறங்கேல்லை, பொட்டாசியம் குறையுது. ரெண்டும் ஒண்டாய் வந்தால் நான் ஒரு ஹோர்மோனைச் சந்தேகிப்பன்" என்று அவர் விளக்கினார். இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. அதில் சுரக்கும் அல்டொஸ்டரோன் என்ற ஹோர்மோன், உடம்பிலுள்ள உப்பைப் பிடித்து வைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். அளவாக இருந்தால் அதுதான் நம்மைக் காப்பாற்றுவது. அளவுக்கு மிஞ்சினால் உப்போடு தண்ணீரும் தேங்கி அழுத்தம் ஏறும். அதோடு நிற்காது, இதயத் தசையைத் தடிக்கப்பண்ணி உள்ளே தழும்பும் போட்டுவிடும். சில பேருக்கு அந்தச் சுரப்பியில் ஒரு சிறு கட்டி இருக்கும். அதை வெட்டி எடுத்தால் சரியாகிவிடலாம்.

காத்திருப்பு தொடங்கியது. ஹோர்மோன் பரிசோதனைக்கு முன் சில குளிசைகளை நிறுத்தி வேறு குளிசைக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் சில நாள் பொறுக்க வேண்டும். நான் பாடசாலையில் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு, வார்டுக்கு வெளியே மரவாங்கில் உட்கார்ந்து அந்த டொக்டர் எழுதிய கட்டுரைகளைத் தொலைபேசியில் தேடி எடுத்து வாசித்தேன். என் ஆங்கிலம் அகராதி பிடித்து நடக்கிற ஆங்கிலம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். கட்டியைப் பற்றிய பகுதிகளைத் தெரிந்தெடுத்து மஞ்சள் கோடிட்டேன். பிறநாட்டு மிட்டாய் வகை ஒன்றைப் பற்றி ஒரு பந்தி வந்தது. நமக்கு என்னத்துக்கு என்று விரலால் தள்ளிவிட்டுப் போனேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் இருந்து நான் அல்லாஹ்விடம் கேட்ட துஆ என்ன தெரியுமா? வாப்பாவின் வயிற்றுக்குள் ஒரு கட்டி இருக்க வேண்டும் என்பது. கட்டி இருந்தால் வெட்டலாம். வெட்டினால் அவர் எழும்பி நடப்பார். அவ்வளவு பயந்திருந்தேன்.

உம்மா கொழும்பிலேயே மருதானையில் தூரத்துச் சொந்தம் ஒருவரின் வீட்டு முன்னறையில் தங்கினார். பகல் ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் பார்வையாளர் நேரத்துக்கு வருவார். ஒரு கையில் உப்பில்லாத சோறு, மறு கையில் பிளாஸ்க். வந்ததும் முதலில் வாப்பாவின் காலைத் துடைப்பார். உப்பில் வெடித்துக் கிடந்த அந்தப் பாதங்களுக்கு, அடுத்த கட்டில்காரர் பார்க்கிறாரே என்ற கூச்சம் இல்லாமல் எண்ணெய் பூசுவார். "நாப்பது வருசத்துல இப்பத்தான் இவர்ட கால் ஒரு எடத்துல நிக்குது" என்று சொல்லி அடுத்த கட்டில்காரரைச் சிரிக்க வைப்பார். பிறகு பிளாஸ்கைத் திறந்து ஒரு கோப்பை ஊற்றிக் கொடுப்பார். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பொட்டாசியப் பாணி மருந்து வாயில் வைக்க முடியாத கசப்பு. அதைக் குடித்த வாய்க்கு வாப்பா இதைத்தான் கேட்பார்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் அது நடந்தது. கோப்பை பாதி குடித்திருந்தார். தொலைபேசியில் சுனிலோடு கதை. "என்ர வரம்பை ஒருத்தனுக்கும் குடுத்துராத, நான் வருவன்" என்றார். அடுத்த சொல் வரவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டிலோரத்தில் இருந்த மொனிட்டரின் பச்சைக் கோடு பைத்தியம் பிடித்ததுபோல் துள்ளியது. ஒரு தாதி கத்தினார். திரை இழுத்தார்கள். எங்களை வெளியே தள்ளினார்கள். திரைக்குக் கீழே நாலைந்து சோடிச் சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. ஏதோ எண்ணினார்கள், கட்டில் அதிர்ந்தது. திரும்ப எண்ணினார்கள், திரும்ப அதிர்ந்தது. உம்மா மூடி திறந்த பிளாஸ்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கலிமா ஓதினார். அதிலிருந்து தண்ணீர் அவர் அபாயாவில் வடிந்துகொண்டிருந்தது. நான் அதைக்கூட வாங்கவில்லை.

வாப்பா திரும்பி வந்தார். நெஞ்சில் இரண்டு சதுரமாகத் தோல் சிவந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் நரம்பு வழியாகப் பொட்டாசியம் ஏற்றினார்கள். அங்கே எக்கோ எடுத்தார்கள். அது இதயத்தை ஒலியால் படம் பிடிப்பது. இடது பக்கச் சுவர் தடித்திருந்தது, இரத்தத்தைத் தள்ளும் வலு பாதியாகக் குறைந்திருந்தது. வார்டுக்குத் திரும்பிய நாள் உம்மா சந்தோஷத்தில் பிளாஸ்கை நிறைத்துக்கொண்டு வந்தார். மறுபடி பொட்டாசியம் இறங்கத் தொடங்கியது.

ஹோர்மோன் முடிவும் ஸ்கேன் முடிவும் ஒரே நாளில் வந்தன. கட்டி இல்லை. அல்டொஸ்டரோன் கூடவும் இல்லை. இருக்க வேண்டிய அளவுக்கும் குறைவு. டொக்டர் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"விளங்கேல்லை. அந்த ஹோர்மோன் இல்லை. ஆனால் அது நிறைய இருக்கிற மாதிரித்தான் இவரின்ர உடம்பு நடக்குது."

காலையிலிருந்து நாற்பது கட்டில் பார்த்து வந்தவர். குரல் அடைத்து, வாக்கியத்துக்கு ஒரு தரம் செருமினார். வாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு வேர்த்துண்டை எடுத்து நீட்டினார்.

"டொக்டர், தொண்ட கட்டிக் கெடக்கு ஒங்களுக்கு. இத ஒரு கன்னத்துல போட்டுக்கங்க. பத்து நிமிசத்துல இளகிரும்."

டொக்டர் சிரித்துக்கொண்டே கையை நீட்டி வாங்கினார். மூக்கருகே கொண்டு போனார். சிரிப்பு நின்றது.

"ஐயா, இது என்னது?"

"வெல்மி. அதிமதுரம்."

"இதை எவ்வளவு நாளாச் சப்புறியள்?"

"அது கன வருசம். இப்ப மூணு வருசமா மகன் வாங்கித் தாறான், நல்ல சாமான். தண்ணியும் இதுலதான்" என்று பிளாஸ்கைக் காட்டினார். முகத்தில் அவ்வளவு பெருமை.

"தம்பி, ஒருக்கா வெளியில வாங்கோ" என்றார் டொக்டர்.

தாழ்வாரத்தில் நின்று அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். நம் உடம்பில் கோர்ட்டிசோல் என்று இன்னொரு ஹோர்மோன் ஏராளமாக ஓடுகிறது. அதுவும் அல்டொஸ்டரோன் செய்யும் வேலையைச் செய்யக்கூடியது. ஆனால் சிறுநீரகத்தின் வாசலில் ஒரு காவல்காரன் நின்று, வரும் கோர்ட்டிசோலை எல்லாம் செயலிழக்கப்பண்ணி அனுப்பிவிடுவான். அதிமதுரத்தில் இருக்கும் ஒரு பொருள் அந்தக் காவல்காரனை நித்திரையாக்கிவிடும். பிறகு கோர்ட்டிசோல் தடையில்லாமல் நுழைந்து உப்பைப் பிடித்து, பொட்டாசியத்தைத் தள்ளி, அழுத்தத்தை ஏற்றும். கொஞ்சம் எடுப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். ஏற்கெனவே பிரஷர் உள்ளவர், தினமும், பிளாஸ்க் கணக்கில் குடித்தால் இதுதான்.

"என்ர கட்டுரையளை வாசிச்சனான் எண்டு சொன்னீங்கள். இதைப்பற்றியும் எழுதியிருந்தனான்" என்றார். குத்திச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். நான் விரலால் தள்ளிய அந்த மிட்டாய்ப் பந்தி. அந்த மிட்டாய் செய்வது இந்த வேரில். பந்தியின் முடிவில் தாவரத்தின் பெயரும் இருந்தது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

"நிப்பாட்டினா சுகம் வந்துருமா டொக்டர்?"

"பிரஷர் இறங்கும். சில கிழமை எடுக்கும். பொட்டாசியமும் நிக்கும். ஆனால் இதயம் தடிச்சது, தழும்பு விழுந்தது, அது முழுசாத் திரும்பாது தம்பி. உப்பளத்துக்கு இனி விடாதேங்கோ."

"இத நான் குடுக்காம இருந்திருந்தா?"

"பிரஷர் முதலே இருந்ததுதானே. ஆனால் இந்தளவுக்கு வந்திராது. நீங்கள் தெரிஞ்சு செய்யேல்லை. அவருக்கு நீங்களே பக்குவமாச் சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. உள்ளே போய், "மருந்தோட வெல்மி ஒத்துவராதாம், விட்டுரச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னேன். வாப்பா சட்டைப்பையிலிருந்து மிச்சம் மூன்று துண்டுகளையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

இருபத்துநாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். டொக்டர் சொன்னபடியே நடந்தது. ஒன்றரை மாதத்துக்குள், ஐந்தாறு கிழமையில், நாலு குளிசை இரண்டாகியது. கிளினிக் தாதி பிரஷர் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். இதயம் மட்டும் அங்கேயே நின்றது. மூன்று தலையணை அடுக்கினால்தான் வாப்பாவால் மூச்சு விட்டுப் படுக்க முடியும். வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு இருநூறு அடி. வழியில் இரண்டு தரம் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கதிரை போட்டு உட்கார்ந்து தொழுகிறார். பின்னேரங்களில் வாசலில் உட்கார்ந்து, உப்பளப் பக்கமிருந்து வரும் லொறிகளை எண்ணுகிறார்.

சுனில் கிழமைக்கு ஒரு தரம் வருவார். நாங்கள் வந்த முதல் கிழமையிலேயே அவர் கன்னத்தில் புடைப்பைக் கண்டேன். என் பைக்கற்றில் பாதியை வாப்பா எப்போதும் அவருக்குக் கொடுப்பார் என்பது எனக்குத் தெரியும். இப்போது அவரே வாங்குகிறார். சுனிலிடம் காரணத்தைச் சொன்னால் மறுநாள் வாப்பாவின் காதுக்குப் போய்விடும். அதற்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு கிழமை அல்ல, நாலு கிழமை. அப்படி ஒரு நாள் சுனில் படியேறும்போது முழங்காலைப் பிடித்தார்.

"என்ன சுனில் மாமா?"

"ஒண்டுமில்ல தம்பி. காலு ரெண்டும் சோந்து வருது. வயசு போவுதுதானே."

வாசல் கேற்றுக்கு வெளியே அவரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேர், காவல்காரன், பைக்கற் வாங்கிய கை யாருடையது என்பது வரை. அவர் கன்னத்திலிருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு மணலில் எறிந்தார்.

"இதத்தானே ஒங்கட வாப்பாவும் சென்ன."

"வாப்பா என்ன சொன்ன?"

"ஆஸ்பத்திரியால வந்த அடுத்த நாளே போன்ல கோல் எடுத்தாரு. டேய் சுனில், வெல்மிய உட்டுரு, அதுதான் என்ன படுக்கப் போட்டதுண்டாரு. டொக்டர்ட முகத்துலயே அவருக்கு வெளங்கிச்சாம். நாந்தான் கேக்கல்ல. நோயாளிக் கதையிண்டு நெனச்சன்." பிறகு குரலைத் தணித்தார். "மகனுக்கு இதச் செல்லிராத, அவன் அதப் பெரிசாப் படிச்சு வாங்கிக் குடுத்தவன், தாங்க மாட்டானுண்டும் சென்னாரு."

சுனிலை மறுநாளே கிளினிக்குக் கூட்டிப் போனேன். அவருக்கும் பிரஷர் இருந்தது. நேரத்தோடு கண்டுவிட்டார்கள். உப்பளத்துக்குப் போய் மற்றவர்களுக்கும் சொன்னேன். சிலர் துப்பினார்கள், சிலர் சிரித்தார்கள். நீங்கள் யாரையாவது வார்டில் சேர்க்கப் போனால், வேறு என்ன எடுக்கிறார் என்று டொக்டர் கேட்கும்போது, மருந்து என்று நினைக்காததையும் சொல்லுங்கள். பிளாஸ்கில் உள்ளதையும் சட்டைப்பையில் உள்ளதையும் எடுத்துக் காட்டுங்கள்.

போன வெள்ளிக்கிழமை, காக்காவுக்கு அனுப்பச் செலவுக் கணக்கை வாசிக்கும்படி வாப்பா கேட்டார். அருகில் உட்கார்ந்து கணக்குக் கொப்பியை விரித்தேன். அரச ஆஸ்பத்திரி என்பதால் கட்டிலுக்குக் காசில்லை. வெளியே எடுத்த ஹோர்மோன் பரிசோதனையும் ஸ்கேனும் ஐம்பத்துநாலாயிரத்து நானூறு. வெளியே வாங்கிய மருந்து இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. போக்குவரத்து முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு. சாப்பாடும் மருதானைத் தங்கலும் நாற்பத்திரண்டாயிரம். அதற்குக் கீழே நான் எழுதியிருந்த கடைசி வரியில் விரலை வைத்தேன்.

"அதிமதுரம். கிழமைக்கு முந்நூறு, மூணு வருசம். நாப்பத்தாறாயிரத்து எண்ணூறு" என்று வாசித்தேன்.

வீதியில் போன லொறி ஒன்றை எண்ணிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அதையும் போட்டுட்டியா மகன்?"

"ஓம் வாப்பா."

"சரி. காக்காக்கு அனுப்பக்குள்ள அத மட்டும் வெட்டிப் போடு. அவனுக்கு விளங்காது."

வெட்டித்தான் அனுப்பினேன். இங்கே எழுதும்போது வெட்டவில்லை. அதையும் சேர்த்து மொத்தம் இரண்டு இலட்சத்து ஒன்பதாயிரத்து முந்நூறு ரூபா.